இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போன பிறகுதான் பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தோம்

சுற்றி வளைக்காமல், ஸ்டார்ட் ஆகாமல் படுத்திய என் பழைய காருக்கு ஆன கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் 2,400. இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் 4,800. புது ஃப்யூயல் பம்ப் 9,200. ரெக்கவரி வண்டி 3,500. டாக்சி 2,900. வீணாகக் கொட்டிய பெட்ரோல் சுமார் 1,800. கடைசியாக உண்மையான கோளாறைச் சரிசெய்ய ஆனது 6,300. மொத்தம் 30,900 ரூபாய், அதோடு நான்கு நாள் லீவு. இதில் உருப்படியான செலவு கடைசி 6,300 மட்டும்தான். மற்றதெல்லாம் முதல் நாளே ஒரு பாட்டில் பெட்ரோலை வெளியே எடுத்துப் பார்க்காததற்குக் கொடுத்த விலை.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் ஆல்கஹாலான எத்தனால், தண்ணீரோடு எல்லா விகிதத்திலும் கலக்கும் என்று வருடா வருடம் போர்டில் எழுதுகிறவள். அதே எத்தனால் என் கார் டேங்கில் 20 சதவீதம் இருக்கிறதே, அங்கே தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கார் அப்பாவுடையது. 2009 மாடல், சின்ன பெட்ரோல் கார். அப்பா போன பிறகு விற்க மனம் வரவில்லை. 15 வருடம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். டேஷ்போர்டில் அவருடைய டைரி இன்னும் கிடக்கிறது. ஒவ்வொரு முறை டேங்கை நிரப்பும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதிவிடுவார். நானும் அதையே தொடர்கிறேன், பழக்கதோஷம். அதில் பார்த்தால் பல வருடமாக நாமக்கல்–சேலம் ரோட்டில் லிட்டருக்கு பதினாறரைக்குக் கீழே இறங்கியதே இல்லை. 2025 நடுவில் 15.4 என்று வர ஆரம்பித்தது. டயர் காற்று, ஏசி, என் கால் என்று மூன்றின் மேலும் பழியைப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன்.

அது பெட்ரோலால்தான் இருக்கும் என்பது பிறகு படித்தபோது புரிந்தது. எத்தனாலில் ஒரு லிட்டருக்கு இருக்கும் எரிசக்தி பெட்ரோலில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்பு கூடக் கூட மைலேஜ் குறையும், அதில் மர்மம் ஒன்றும் இல்லை. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே, சுத்த பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு டியூன் செய்த கார்களில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) போட்டால் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்கிறது. பதினாறரையிலிருந்து 15.4 என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 2003இல் 5 சதவீதத்தில் தொடங்கிய திட்டம் இது. 10 சதவீதத்தை 2022 ஜூனில் தொட்டார்கள். 20 சதவீதத்துக்கு முதலில் வைத்த இலக்கு 2030. அதை 2025க்கே முன்னுக்கு இழுத்தார்கள். 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் மட்டும் அறிமுகமான இ20, இரண்டே வருடத்தில் எங்கள் ஊர் வரை வந்துவிட்டது. பங்கில் என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களெல்லாம் இ20க்குத் தாங்கும்படி செய்யப்பட்டவை. என் காரின் கையேட்டில் எழுதியிருப்பது 10 சதவீதம் வரை என்று. பதினாறு வருடமாக அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தெரியவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கையேட்டை எடுத்து 'எரிபொருள்' பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பாருங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அக்டோபரில் நல்ல மழை. ஒரு நாள் சாயங்காலம் மழை விட்ட கையோடு ஒரு பங்கில் 20 லிட்டர் போட்டேன். டேங்கர் லாரி நின்று இறக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பெட்ரோல் போடக்கூடாது, அடியில் படிந்தது கலங்கி மேலே வரும் என்று அப்பா சொல்வார். அவசரத்தில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு பள்ளி வேனில் போய்வந்ததால் கார் மூன்று வாரம் வீட்டு வாசலில், கூரை இல்லாத இடத்தில், மழையில் நின்றது. தண்ணீர் பங்கில் சேர்ந்ததா என் வீட்டு வாசலில் சேர்ந்ததா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது; எந்த பங்க் என்று எழுதாததற்கு அதுதான் காரணம். பில் வாங்கவில்லை. ஜிபேயில் பணம் போன தடம் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த நாசில், எந்தப் பெட்ரோல் என்று பேச முடியாது. இப்போதெல்லாம் பில் கையில் வராமல் வண்டியை எடுப்பதில்லை. சந்தேகம் வந்தால் அங்கேயே டென்சிட்டி (அடர்த்தி) காட்டச் சொல்லலாம், ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கறை படிகிறதா என்று பார்க்கும் சோதனை கேட்கலாம், புகார்ப் புத்தகம் கேட்கலாம். இதெல்லாம் வாடிக்கையாளருக்கு உள்ள உரிமை, ஆனால் கேட்க வேண்டியது அன்றைக்கே. மூன்று வாரம் கழித்துப் போனால் 'உங்க வண்டியில என்னவோ' என்றுதான் பதில் வரும்.

நவம்பரில் காரை எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவில்லை. ஏழெட்டு தடவை சாவியைத் திருப்பிய பிறகு இருமிக்கொண்டே கிளம்பியது. முதல் கியரில் வெட்டி வெட்டிப் போனது. பக்கத்துத் தெரு மெக்கானிக் பேனட்டைத் திறந்து, "பிளக் போயிடுச்சுங்க மேடம்" என்றார். நான்கு பிளக், ஏர் ஃபில்டர், 2,400. இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் பள்ளி கேட்டுக்கு முன்னால் நின்றது. மாணவர்கள்தான் தள்ளினார்கள். அந்தச் சிரிப்பை விவரிக்கவேண்டியதில்லை.

அடுத்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். முகப்பில் உட்கார்ந்திருந்தவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, "சார் யாராச்சும் கூட வந்திருக்காங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். ஸ்கேனரைப் போட்டார்கள், கலவை 'லீன்' என்று காட்டுகிறது என்றார்கள். லீன் என்றால் காற்று அதிகம், எரிபொருள் பத்தவில்லை என்று அர்த்தம். எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது, கலப்பு கூடினால் அதே அளவு காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவைப்படும். கம்ப்யூட்டர் ஓரளவு ஈடுகட்டும், எல்லை தாண்டினால் கைவிரித்துவிடும். இது யாருக்காவது அங்கே தோன்றியிருக்க வேண்டும். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் இன்ஜெக்டரைக் கழுவினார்கள், 4,800. மறுநாள் மறுபடி அதே இருமல். திரும்பப் போனால், "பம்ப் பிரஷர் கம்மி, மாத்திடலாம்" என்றார்கள். 9,200. ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். கழற்றிய பம்ப்பைக் கையில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். பழைய சாமானை வாங்காமல் மெக்கானிக்கிடமிருந்து வராதே என்பது அப்பா வாக்கு.

வெளியே வந்ததும் புதிதாகப் பத்து லிட்டர் போட்டேன். கார் ஒழுங்காக ஓடியது. ஊருக்குள் பத்து நாள் ஒரு முனகல் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அம்மாவையும், பின்சீட்டில் தாம்பூலத் தட்டுகளையும் வைத்துக்கொண்டு சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஏற்காடு கிளம்பினேன். மலைப்பாதையில் மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பதினொன்றில் திரும்பி ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வண்டி கனத்தது. ஒரு உதறல், அவ்வளவுதான். என்ஜின் அணைந்ததும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இறுகிவிட்டன, கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். பின்னால் வந்த மினி பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குதித்து ஓடிவந்து, ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மடியில் இருந்த பழத்தட்டை இறுகப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. நான் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அழுதேன், அதுவும் டாக்சியில். தட்டு மாற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

ரெக்கவரி வண்டி ஓட்டிவந்த தம்பிதான், "அக்கா, சர்வீஸ் சென்டருக்கு வேண்டாம், சேலத்துல ஒரு பெரியவர் இருக்காரு, கார்புரேட்டர் காலத்து ஆளு" என்று கொண்டுபோய் விட்டான். தகர ஷெட். பெரியவர் பேனட்டைத் திறக்கவே இல்லை. "எப்பக் கண்ணு பெட்ரோல் போட்டீங்க? மழைக்கு முன்னயா பின்னயா?" என்றார். இரண்டு மெக்கானிக்குகளும் கேட்காத கேள்வி. பின்சீட்டைத் தூக்கி, பம்ப் மூடியைக் கழற்றி, டேங்கின் அடியிலிருந்து ஒரு குழாயால் உறிஞ்சி, கழுவிய கண்ணாடி பாட்டில் ஒன்றில் பிடித்தார். திண்ணையில் வைத்தார். "அஞ்சு நிமிசம் பொறுங்க."

கலங்கலாக இருந்தது மெல்லப் பிரிந்தது. மேலே இளமஞ்சள். கீழே கால் பாட்டிலுக்குக் கொஞ்சம் குறைவாக, நிறம் வெளிறி, சற்றுக் கனத்த ஒரு திரவம். நடுவில் முடி அளவுக்கு மெல்லிய கோடு. பாட்டிலைச் சாய்த்தால் அந்தக் கோடும் சாய்ந்தது. அடியில் மிளகுத்தூள் தூவியது போலத் துரு. லேபில் பிரிபுனலில் எத்தனை தடவை பார்த்த காட்சி! எனக்கு முகம் சிவந்துவிட்டது.

நடந்தது இதுதான். பழைய சுத்த பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் அது தனியாக அடியில் கிடக்கும், கொஞ்சமாகத்தான் தொல்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரைத் தனக்குள் கரைத்துவைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலப்பில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லி, 20 சதவீதத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த அளவு வரை வண்டிக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அளவு தாண்டியதும் தண்ணீர் மட்டும் பிரிவதில்லை; எத்தனாலில் பெரும்பகுதியையும் கூட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். இருபது லிட்டர் பெட்ரோலில் நான்கு லிட்டர் எத்தனால் இருக்கிறது. பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். சமதரையில் குலுங்கிக் கலந்து ஓரளவு ஓடியது, நடுவில் நான் புதிதாகப் போட்ட பத்து லிட்டர் கொஞ்சத்தைத் திரும்பக் கரைத்தது. மலை ஏற்றத்தில் அடியில் கிடந்தது எல்லாம் பின்பக்கம் திரண்டு நேராகப் பம்ப் வாய்க்குப் போய்விட்டது. பிரிந்த பெட்ரோலை எந்த மருந்து ஊற்றியும் பழையபடி ஆக்க முடியாது. நடுவில் நான் ஒரு 'எத்தனால் பாதுகாப்பு' பாட்டில் வேறு 350 ரூபாய்க்கு வாங்கி ஊற்றியிருந்தேன், அதை மேலே கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. டேங்கை வடித்துக் காலிசெய்வதுதான் ஒரே வழி. ஆஸ்துமாக்காரர்களும் அடுப்பும் இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

பெரியவர் அடுத்துக் காட்டியது ரப்பர் ஹோஸ். டேங்கிலிருந்து வரும் ஒரு துண்டைக் கழற்றி, "நகத்தால கீறிப் பாருங்க" என்றார். விரலில் மை ஒட்டியது. நுனி பிசுபிசுவென்று ஊறி, நீளவாக்கில் பொடி வெடிப்புகள். காலையில் காருக்குள் வந்துகொண்டிருந்த பெட்ரோல் வாடைக்குக் காரணம் அதுதான். தீப்பிடித்திருந்தால் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த பிசினையும் அழுக்கையும் கரைத்து இளக்கிவிடும். அந்த அழுக்குதான் ஃபில்டரை அடைத்தது. டிக்கியில் இருந்த பழைய பம்ப்பை எடுத்து பேட்டரியில் இரண்டு வயரை ஒரு நொடி தொட்டார். உர்ர் என்று ஓடியது. "பம்ப்பு நல்லாத்தான் இருக்குது கண்ணு. இதோட சல்லடைதான் செத்துப்போச்சு." புது பம்ப்பின் சல்லடையும் பத்தே நாளில் பழுப்பாகியிருந்தது. டேங்கைக் கழுவாமல் பம்ப்பை மாற்றினால் வேறென்ன ஆகும்? 9,200 ரூபாய் என் கண் முன்னால் உர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

டேங்கை இறக்கிக் கழுவிக் காயவைத்தார். ஃபில்டர், இன்ஜெக்டர் ஓ-ரிங், எல்லா ஹோஸும் மாற்றினார். ஹோஸ் வாங்கும்போது 'ஆர்9' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். உள்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் பூசிய வகை, எத்தனாலுக்குத் தாங்கும். விலை மும்மடங்கு, ஆனால் மொத்தமே இரண்டு மூன்று மீட்டர்தான் தேவை. பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து பிளந்திருந்தது, மழைத்தண்ணீர் அந்த வழியாகவும் இறங்கியிருக்கலாம். புது மூடி 280 ரூபாய். இவ்வளவு கூத்துக்கும் நடுவில் மலிவான சாமான் அதுதான். உங்கள் மூடியை இன்றைக்கே திருப்பிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றும் செய்தேன். பள்ளி லேபிலிருந்து 100 மில்லி அளவு ஜாடியை எடுத்துவந்து, மொட்டை மாடியில், பக்கத்தில் நெருப்பு ஏதும் இல்லாமல், 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தேன். சுத்த பெட்ரோல் என்றால் கீழே தண்ணீர் 10 மில்லியாகவே நிற்கும். கலந்திருந்தால் எத்தனால் தண்ணீருக்குப் போய்விடும், கீழடுக்கு உயரும். 28ஐ ஒட்டி வந்தது, அதாவது 90 மில்லியில் 18 மில்லி எத்தனால், 20 சதவீதம். பங்கில் கலப்படமோ ஏமாற்றோ இல்லை, சொன்னபடியே இ20. ஆகவே 'எனக்கு எத்தனால் வேண்டாம்' என்று பங்க் மாற்றி அலைவதில் பிரயோஜனம் இல்லை. 95 ஆக்டேன் ப்ரீமியம் என்றாலும் எத்தனால் இருக்கும். 100 ஆக்டேன் வகையில் எத்தனால் இல்லாதது உண்டு, ஆனால் பெரிய நகரங்களில் சில பங்குகளில்தான் கிடைக்கிறது, விலையும் மிக அதிகம். தினசரி ஓட்டத்துக்கு அது கட்டாது. நீண்ட நாள் நிறுத்தப்போகும் வண்டிக்கு ஒரு முறை போடலாம், அவ்வளவே. எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்கச் சொல்லிப் போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி தள்ளுபடி செய்துவிட்டது. அதனால் நம் வண்டியை நாம்தான் தயார்செய்துகொள்ள வேண்டும்.

நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்து வளர்ந்தவள். கரும்புக்காரர் வீட்டில் எத்தனாலைப் புகழ்வார்கள். அடுத்த வீட்டுக் கோழிப்பண்ணைக்காரர் மக்காச்சோளம் விலை ஏறிப்போச்சு என்று அதே எத்தனாலைத் திட்டுவார். எங்கள் ஊரில் இரண்டும் கேட்டுப் பழக்கம். என் ஆத்திரமெல்லாம் சொல்லாமல் விட்டதில்தான். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கத்திலேயே, சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அது மலிவான வேலை என்று இருக்கிறது. மலிவுதான், ஒப்புக்கொள்கிறேன். முன்னாலேயே மாற்றினால் மலிவு. அந்த வரியைப் பங்கில் ஒரு போர்டில் எழுதி வைத்திருந்தால் பதினொன்றாம் வளைவில் நான் நின்றிருக்க மாட்டேன்.

இப்போது வாரம் ஒரு முறையாவது காரை ஓட்டுகிறேன். நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்கை முக்காலுக்கு மேல் வைத்திருக்கிறேன், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும். வீட்டில் பழைய ஸ்கூட்டரை ஓட்டாமல் போட்டுவைத்திருப்பவர்கள் கார்புரேட்டரில் தேங்கியதை வடித்துவிடுங்கள். ஸ்டார்ட்டிங் தொல்லை என்று போனால், எந்த மெக்கானிக்காக இருந்தாலும், பேனட்டைத் திறக்கும் முன் டேங்க் அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும். பழைய பம்ப் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது, துணியில் சுற்றி. பெரியவர் ஏப்ரலில் ஹோஸை மறுபடி பார்க்கவேண்டும், கொண்டுவாங்க என்றிருக்கிறார். டைரியில் போன வாரம் எழுதியது: 15.5.